பிக்கப் டிரக்குக்கு வெளிக்காற்று: ஏர் இன்டேக்கில் கை வைக்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பிக்கப் வாங்கியவர்கள் பலர் முதலில் கை வைக்கும் இடம் ஏர் ஃபில்டர் பெட்டி. பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றுக்குப் பதிலாக வெளியே உள்ள குளிர்ந்த காற்றை இன்ஜின் இழுத்தால் பவர் கூடும் என்பது நம்பிக்கை. நாலு போல்ட், ரெண்டு கிளாம்ப், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலை முடிந்தது. அதனாலேயே இதைப் பற்றிய பேச்சும் அதிகம், தப்பான பேச்சும் அதிகம். இங்கே பேசுவது பெரும்பாலும் பெட்ரோல் வி8 இன்ஜின் வைத்த ஷெவர்லே சில்வராடோ, ஃபோர்டு எஃப்-150, டாட்ஜ் ராம் போன்ற வண்டிகளைப் பற்றி. கணக்கு போடும் இடங்களில் 5.3 லிட்டர் சில்வராடோவை எடுத்துக்கொள்கிறேன். 2000-களின் தொடக்கத்தில் வந்த அந்த இன்ஜினுக்கு கம்பெனி சொன்ன சக்தி 285 ஹார்ஸ்பவர். டீசல் வண்டிக்காரர்களுக்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

கே: காற்று குளிர்ந்தால் பவர் ஏன் கூட வேண்டும்?

இன்ஜின் ஒவ்வொரு சுற்றுக்கும் இழுப்பது குறிப்பிட்ட கன அளவு காற்றை. ஆனால் எவ்வளவு பெட்ரோல் எரியலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் காற்றின் எடை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதே கன அளவில் ஆக்ஸிஜன் அதிகம்.

பானெட்டுக்குள் 60 டிகிரி, வெளியே 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் இது 333-க்கும் 308-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது அடர்த்தி சுமார் 8 சதவீதம் கூடும். பவரும் 8 சதவீதம் கூடுமா என்றால், இல்லை. குளிர்ந்து வரும் காற்று மேனிஃபோல்டையும் வால்வையும் தாண்டும்போது அங்கிருந்து கூடுதலாகச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இன்ஜின் சக்தியைத் திருத்திக் கணக்கிட அமெரிக்காவில் பயன்படுத்தும் எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) சூத்திரமும் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைத்தான் எடுக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் 4 முதல் 5 சதவீதம் வரும். 285 ஹார்ஸ்பவர் இன்ஜினில் சுமார் 12, 13. அதுவும் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது மட்டும்.

அதைவிட முக்கியமான இன்னொன்றை யாரும் விளம்பரம் செய்வதில்லை. காற்று சூடானால் இன்ஜின் நாக் அடிக்கும், அதாவது பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதைத் தவிர்க்க கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பாயும் நேரத்தைத் தாமதப்படுத்துகிறது. ஆகஸ்ட் வெயிலில், பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மேடு ஏறுகிறவருக்குப் பவர் குறைவதில் இதற்கும் ஒரு பெரிய பங்கு உண்டு.

கே: கம்பெனி பெட்டியே வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. 1990-களுக்குப் பிறகு வந்த பிக்கப்களில் ஃபில்டர் பெட்டியின் வாய் ஃபெண்டருக்குள்ளோ (முன்சக்கரத்தின் மேல்தகடு), ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ, ரேடியேட்டர் தாங்கியின் மேல் ஓரத்திலோதான் இருக்கும். கம்பெனி இன்ஜினியருக்கும் பவர் வேண்டும், மைலேஜ் வேண்டும், எமிஷன் சோதனையில் தேற வேண்டும். அவர் வேண்டுமென்றே சூடான காற்றைக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி கடையில் விற்கும் மாற்று ஃபில்டர்-குழாய்க் கிட்களில் எது நல்லது என்பதல்ல, இப்போது என் வண்டி எத்தனை டிகிரி காற்றை இழுக்கிறது என்பது.

கே: அதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்று போதும். அதில் இன்டேக் காற்றின் வெப்பநிலை என்று ஒரு எண் காட்டும். பல வண்டிகளில் அந்த சென்சார் காற்றளவு அளக்கும் மாஃப் சென்சாருக்குள்ளேயே இருக்கிறது, ஃபில்டர் பெட்டியை ஒட்டி. வெளி வெப்பநிலையை டாஷ்போர்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று நிலைகளில் குறித்துக்கொள்ளுங்கள்: ஹைவேயில் சீராக 100 கிலோமீட்டர் வேகத்தில், சிக்னல் சிக்னலாக நிற்கும் டவுன் ஓட்டத்தில், நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது.

ஹைவேயில் வித்தியாசம் 5, 6 டிகிரிதான் என்றால் உங்கள் பெட்டி வேலையை ஒழுங்காகச் செய்கிறது. காசை டயருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹைவேயிலேயே 15, 20 டிகிரி கூடக் காட்டினால் எங்கோ சூடான காற்று கலக்கிறது. பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை, வாயில் இருந்த ரப்பர் குழல் கழன்று கிடக்கிறது, முன்னால் அடிபட்டுச் சரிசெய்தபோது குழாயை மாட்ட மறந்துவிட்டார்கள் என்று ஏதாவது இருக்கும். பழைய வண்டிகளில் இது சர்வசாதாரணம். ஒரு கிளிப்பில் தீர்ந்துவிடும்.

மூன்றாவது நிலையில் எண் எகிறத்தான் செய்யும். நின்ற இன்ஜினின் சூட்டில் பெட்டி, குழாய், சென்சார் எல்லாம் ஊறிப்போயிருக்கும். ஓட ஆரம்பித்ததும் எத்தனை சீக்கிரம் இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கே: கூம்பு ஃபில்டரும் பளபளக்கும் குழாயுமாக ஒரு கிட் விற்கிறார்கள். மாட்டலாமா?

அந்தக் கூம்பு எங்கே உட்காரப்போகிறது என்று பாருங்கள். மூடிய பெட்டிக்குள்ளா, திறந்த வெளியில் ரேடியேட்டருக்குப் பின்னாலா?

ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று அதன் சூட்டையெல்லாம் சுமந்துகொண்டுதான் வருகிறது. அதன் நடுவே திறந்த கூம்பை வைத்தால் பெயர் மட்டும்தான் குளிர்காற்று இன்டேக். சிக்னலில் நிற்கும்போது ஸ்கேனரைப் பார்த்தால் வெளி வெப்பநிலையைவிட 20, 30 டிகிரி கூடக் காட்டும். மூடிய குளிர்ந்த பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திறந்த சூடான பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியதாக ஆகும்.

கிட் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. நாலு பக்கமும் சுவர், மேலே பானெட்டில் அழுந்தி மூடும் ரப்பர் பட்டை, கீழே ஃபெண்டருக்குள் திறக்கும் வாய் என்று இருப்பவை நல்லவை. வாங்கும்போது குழாயின் பளபளப்பைப் பார்க்காமல் அந்த ரப்பர் பட்டையைப் பாருங்கள்.

கே: இன்ஜின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் 15 ஹார்ஸ்பவர் கூடியதாக கிராஃப் காட்டுகிறார்களே?

அந்தப் படத்தில் பானெட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் திறந்திருக்கும். முன்னால் ஒரு பெரிய விசிறி ஓடும். அந்த நிலையில் திறந்த கூம்பு இழுப்பது அறைக் காற்றைத்தான், அதாவது குளிர்ந்த காற்றை. சாலையில் பானெட்டை மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறீர்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. டைனோ மென்பொருள் திருத்திக் காட்டும் எண் அறையின் வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டது, ஃபில்டருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையை வைத்து அல்ல. முதல் ஓட்டம் சூடான இன்ஜினில், இரண்டாவது ஓட்டம் கிட் மாட்டிய இடைவெளியில் ஆறிய இன்ஜினில் என்று எடுத்தால் ஒன்றும் மாற்றாமலேயே சில ஹார்ஸ்பவர் கூடிவிடும். பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த எண் உங்கள் சாலைக்குப் பொருந்தாது.

கே: சரி, குளிர்ந்த காற்று கிடைக்கும் இடம் எது?

ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் எந்த இடமும். கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட்டின் ஓரத்தில், ஃபெண்டரின் உள்கூட்டில். பிக்கப்களில் ஃபெண்டர்க் கூடு பெரியது. சக்கரத்தின் பிளாஸ்டிக் உறைக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கும், இன்ஜின் சூடு அங்கே அவ்வளவாகப் போகாது, நேரடியாகத் தண்ணீரும் அடிக்காது. என்னைக் கேட்டால் முதல் தேர்வு அதுதான்.

முன்கண்ணாடியின் அடிவாரம் இன்னொரு நல்ல இடம். ஓடும்போது அங்கே காற்று முட்டி அழுத்தம் கூடுகிறது. 1970 ஷெவெல் எஸ்.எஸ். காரில் ஷெவர்லே இதைத்தான் செய்தது: பானெட்டின் பின்பக்கத்தில் ஒரு கதவு, அது கண்ணாடியைப் பார்த்துத் திறக்கும். பிக்கப்பில் இதைச் செய்ய பானெட்டையே மாற்ற வேண்டும்.

பானெட்டின் நடுவில் ஒட்டும் சப்பையான மேடுகளை விட்டுவிடுங்கள். பானெட்டின் மேல்தோலை ஒட்டி வரும் காற்று மந்தமானது, உயரம் குறைந்த வாய்க்குள் அது சரியாக நுழையாது. பாதிக்கு மேல் வெறும் அலங்காரம்.

கே: முன்னால் வாய் வைத்தால் காற்று தானாக அழுந்தி உள்ளே போகும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ மாதிரி வேலை செய்யும் என்கிறார்களே?

கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை முழுதாக நிறுத்திப் பிடித்தாலும் கிடைக்கும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. டர்போ கொடுப்பது இதைப் போல நூறு மடங்குக்கும் மேல். முன்பக்க வாய் நல்லதுதான், ஆனால் குளிர்ச்சிக்காக. அழுத்தத்துக்காக அல்ல.

கே: நானே செய்துகொள்ள முடியுமா? எங்கே தொடங்குவது?

தாராளமாக. கம்பெனி பெட்டியை வைத்துக்கொண்டே செய்வது எல்லாவற்றிலும் நல்ல வழி. மாஃப் சென்சார், ஃபில்டர், ரப்பர் தாங்கிகள் எதையும் தொட வேண்டாம். பெட்டிக்கு வரும் வழியை மட்டும் அகலமாக்குகிறோம்.

பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்து, வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல சில்வராடோ, ராம் வண்டிகளில் வாய் ஃபெண்டர் சுவரை நோக்கி இருக்கும், சுவரில் உள்ள ஓட்டை மட்டும் அதைவிடச் சின்னதாகவோ தள்ளியோ இருக்கும். அந்த ஓட்டையைப் பெரிதாக்கினாலே பாதி வேலை முடிந்தது. ட்ரில்லில் மாட்டும் வட்ட ரம்பம் போதும். வெட்டுவதற்கு முன் சுவருக்கு அந்தப் பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒயர் கட்டு, ஹாரன், ஏர்பேக்கின் மோதல் சென்சார் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. தடித்த தகடு, மடித்து வெல்டு செய்த ஓரம், ரேடியேட்டர் தாங்கியின் சட்டம் எதையும் வெட்டாதீர்கள். மோதும்போது தாங்குவது அவைதான்.

வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழுக்கி, பிரைமர் அடித்து, அதற்கு மேல் பெயின்ட் அடியுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்பு தெளிக்கும் மிச்சிகன், ஒஹையோ பக்கமென்றால் பெயின்ட் இல்லாத தகடு இரண்டு குளிர்காலத்தில் உதிர ஆரம்பிக்கும். பெயின்ட் காய்ந்ததும் விளிம்பில் ரப்பர் பட்டையைச் செருகுங்கள்.

அடுத்து பெட்டியின் வாய்க்கும் ஓட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி. இதை அடைக்காவிட்டால் செய்ததெல்லாம் வீண். ஏனென்றால் இன்ஜின் எளிதாக வரும் காற்றைத்தான் இழுக்கும், குளிர்ந்ததைத் தேடிப் போகாது. வீட்டு ஜன்னலுக்கு ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டை சில மாதத்தில் நொறுங்கிவிடும். கார் கதவுக்குப் போடும் ரப்பர் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் பார்த்த சுவருக்கு வேண்டுமானால் ஒரு அலுமினியத் தகட்டை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்தலாம். ஒட்டி வைத்தால் பயன் குறைவு, நடுவில் காற்று ஓட வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் இருட்டான இடத்தில் பெட்டியின் உள்ளே ஒரு டார்ச்சை வைத்து மூடி, வெளியே வெளிச்சம் கசிகிறதா என்று சுற்றிப் பாருங்கள். ஃபில்டருக்கு முன்பக்கம் கசிந்தால் சூடான காற்று வருகிறது. ஃபில்டருக்குப் பின்பக்கம் கசிந்தால் அது ஆபத்து, வடிகட்டாத தூசி நேராக இன்ஜினுக்குள் போகும்.

கே: குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

5.3 லிட்டர் இன்ஜின் 5,000 சுற்றில் நொடிக்குச் சுமார் 190 லிட்டர் காற்றை இழுக்கும். மூன்று அங்குலக் குழாயில் அந்தக் காற்று நொடிக்கு 41 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வேகம். நான்கு அங்குலமாக்கினால் அது 23 மீட்டராகக் குறைகிறது. உராய்வும் வளைவுகளில் ஏற்படும் இழப்பும் வேகத்தின் வர்க்கத்துக்குக் கூடும் என்பதால் இந்த ஒரு அங்குலத்துக்கு மதிப்பு உண்டு. நான்குக்கு மேல் இந்த இன்ஜினுக்குத் தேவையில்லை.

உண்மையில் எங்கே அடைக்கிறது என்று தெரிய வேண்டுமா? ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதி வரை சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் செருகி, மறு முனையைத் திறந்து விட்டு, ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்து முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டுங்கள். இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் 25 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் சுமார் இரண்டரை சதவீத அழுத்தம் வழியிலேயே போகிறது என்று அர்த்தம், அங்கே ஏதாவது செய்யலாம். ஐந்தாறு சென்டிமீட்டர்தான் என்றால் அந்தப் பகுதியைத் தொட வேண்டியதில்லை. பிறகு செருகும் முனையை ஃபில்டருக்கு முன்னால் மாற்றி மறுபடி அளந்தால் குற்றவாளி ஃபில்டரா, வாயா என்று தெரிந்துவிடும். தண்ணீர் இன்ஜினுக்குள் உறிஞ்சப்படாதபடி குழாயின் கால்களை நல்ல நீளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: அலுமினியக் குழாய் சூடாகும், பிளாஸ்டிக்தான் நல்லது என்கிறார்கள். சரியா?

நிற்கும்போது சரி, ஓடும்போது பெரிய விஷயமில்லை. முழு வேகத்தில் ஒரு மீட்டர்க் குழாயைக் காற்று கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் குழாய்ச் சுவரிலிருந்து எவ்வளவு சூடு வாங்கிவிட முடியும்? ஐட்லிங்கில் அதே தூரத்தைக் கடக்க அரை நொடிக்கு மேல் ஆகும், அப்போது சூடேறும்.

பிளம்பிங் கடையில் கிடைக்கும் வெள்ளை பிவிசி குழாயை மட்டும் வேண்டாம் என்பேன். அது 60 டிகிரிக்கு மேல் நம்பத்தக்கதல்ல, இன்ஜின் அருகே தொய்ந்து கிளாம்ப் கழன்றுவிடும். துணி காயவைக்கும் இயந்திரத்துக்குப் போடும் சுருள் அலுமினியக் குழாய் ஃபில்டருக்கு முன்பக்கம் மட்டும் ஓரளவு பரவாயில்லை. பின்பக்கம் போடவே கூடாது. அது கிழிந்தால் துணுக்கு நேராக இன்ஜினுக்குள்தான்.

கே: மாற்றியதும் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஏன்?

ஸ்கேனரில் என்ன பிழைக்குறியீடு என்று பாருங்கள். பி0113 என்றால் பெரும்பாலும் காற்று வெப்பநிலை சென்சாரின் இணைப்பை மாட்ட மறந்திருக்கிறீர்கள். பி0171, பி0174 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு.

இந்த இரண்டாவது வகைதான் கவனிக்க வேண்டியது. மாஃப் சென்சார் குழாயில் ஓடும் காற்று முழுவதையும் அளப்பதில்லை. நடுவில் ஒரு சிறு துளை வழியே போகும் காற்றை அளந்து, குழாயின் குறுக்களவு இவ்வளவு என்ற நம்பிக்கையில் மொத்தத்தைக் கணக்கிடுகிறது. சென்சார் உட்காரும் இடத்தில் விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் குறுக்குப் பரப்பு 21 சதவீதம் கூடிவிடுகிறது. சென்சாருக்கு அது தெரியாது, காற்று குறைவு என்று நினைத்து பெட்ரோலையும் குறைக்கும். சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துத் திருத்திவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது அந்த உடனடித் திருத்தம் இல்லை. இன்ஜினுக்கு அதிக பெட்ரோல் தேவைப்படும் அந்த நேரத்தில் அது குறைவது நாக், சூடான பிஸ்டன் என்று போய் முடியும். கிட் வாங்கினால் சென்சார் உட்காரும் பகுதியின் உள்விட்டம் பழையதேதானா என்று அளந்து பாருங்கள். சென்சாருக்கு முன்னால் உடனே ஒரு வளைவு வந்தாலும் காற்று சுழன்று கணக்கு தப்பும்.

இன்னொரு சின்ன விஷயம். வால்வு கவரிலிருந்து இன்டேக் குழாய்க்கு வரும் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று உண்டு. இன்ஜினின் அடிப்பகுதியான கிரான்க் கேஸுக்குச் சுத்தமான காற்று போகும் வழி அது. மாஃப் சென்சாருக்குப் பின்னால்தான் அதை இணைக்க வேண்டும். சிலர் அதற்கு ஒரு குட்டி ஃபில்டரை மாட்டித் தனியே விட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அளக்கப்படாத காற்று இன்ஜினுக்குள் வரும், எமிஷன் சோதனையிலும் கேள்வி வரும்.

கே: எண்ணெய் பூசிய காட்டன் ஃபில்டர், காகித ஃபில்டர், எது?

தூசி அதிகமுள்ள இடத்தில் ஓட்டுகிறவருக்குக் காகிதம். யோசிக்கவே வேண்டாம். காட்டன் ஃபில்டரைக் கழுவி மறுபடி எண்ணெய் பூசும்போது பலரும் கை தாராளமாக ஊற்றிவிடுவார்கள், மிச்ச எண்ணெய் காற்றோடு போய் மாஃப் சென்சாரின் சூடான கம்பியில் படியும். அளவு தப்பும். அதற்கென்று விற்கும் கிளீனரைத் தெளித்தால் சரியாகும், கையால் துடைக்கக் கூடாது. ஃபில்டரின் திறனை ஒப்பிட ஐ.எஸ்.ஓ. 5011 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அதன்படி சோதித்த முடிவை வெளியிடும் கம்பெனியின் பொருளை வாங்குங்கள்.

கே: மழை, வெள்ளம், பனி?

வாயைக் கீழே இறக்க இறக்கக் காற்று குளிரும், தண்ணீர் நெருங்கும். பம்பருக்குள் வாய் வைத்த வண்டி ஒரு ஆழமான பள்ளத்தில் இறங்கினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகும். தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். அதோடு இன்ஜின் முடிந்தது. ஹூஸ்டன் மாதிரி அடிக்கடி தெரு மூழ்கும் ஊரில் இருந்துகொண்டு ஐந்து டிகிரிக்காக இந்த ஆபத்தை வாங்குவானேன். வாயை ஹெட்லைட் உயரத்துக்குக் கீழே இறக்காதீர்கள்.

மழைத்தூறலைப் பற்றிக் கவலை வேண்டாம். கம்பெனி பெட்டியின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும், நுழைந்த தண்ணீர் அதன் வழியே வடியும். அதைக் கசிவு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். பனி வேறு கதை. வடக்கு டகோட்டா, மினசோட்டா பக்கம் பொடிப்பனி காற்றில் பறக்கும்போது நேர்முன்னால் திறந்த வாய் அதை அள்ளிக்கொண்டு ஃபில்டரை அடைத்துவிடும். அந்தப் பக்கத்தில் ஓட்டுகிறவர்கள் ஃபெண்டர்க் கூட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கே: என்னுடையது 1980-களின் பிக்கப். வட்ட ஃபில்டர், பக்கத்தில் ஒரு தகர மூக்கு, அதன் அடியில் ஒரு நைந்த காகிதக் குழாய். இது என்ன?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. அந்த நைந்த குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றியுள்ள தகர உறையிலிருந்து சூடான காற்றை மேலே கொண்டுவருகிறது. தகர மூக்குக்குள் ஒரு கதவு உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு வேக்குவம் டயாஃப்ரம் அந்தக் கதவைத் தூக்கி, வெளிக்காற்றை அடைத்து, சூடான காற்றை விடும். சூடேறியதும் ஃபில்டர் வட்டத்துக்குள் இருக்கும் ஒரு சென்சார் வேக்குவத்தைக் கசியவிடும், கதவு இறங்கி வெளிக்காற்று வரும். கார்புரேட்டர் காலத்தில் இது அவசியம். பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் தொண்டை குளிர்ந்து, ஈரமான நாட்களில் வெளியே உறைநிலைக்கு மேலே பத்து டிகிரி இருந்தாலும்கூட உள்ளே பனிக்கட்டி கட்டும், வண்டி நின்றுபோகும்.

இந்தக் கதவு துருப்பிடித்து சூடான பக்கமே சிக்கிக்கொண்டால் வண்டி கோடை முழுவதும் எக்ஸாஸ்டில் சுட்ட காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். சோதிப்பது எளிது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மூக்குக்குள் ஒரு சிறு கண்ணாடியைக் காட்டிப் பாருங்கள். கதவு மேலே போக வேண்டும். கால் மணி நேரம் ஓட்டியபின் திரும்பப் பார்த்தால் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் கீலில் கொஞ்சம் எண்ணெய், இல்லையென்றால் புது டயாஃப்ரம். பிறகு மூக்கின் முனையிலிருந்து ரேடியேட்டர் தாங்கி வரை ஒரு குழாய். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் கம்பெனியே அப்படி ஒரு குழாய் போட்டிருந்தது, இடையில் யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட வண்டிகளில்தான் வெளிக்காற்று கொடுத்த வித்தியாசம் காலில் தெரியும்.

கே: மைலேஜ் கூடுமா?

கூடாது. ஹைவேயில் சீராகப் போகும்போது இன்ஜினுக்கு வேண்டிய காற்றை த்ராட்டில் வால்வு பாதி மூடிக் கட்டுப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது. காற்று அடர்த்தியானால் வால்வு இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். சொல்லப்போனால் மைலேஜ் மேல் பைத்தியமாக இருப்பவர்கள் இதற்கு நேரெதிராக, சூடான காற்றை இழுக்கும்படி மாற்றுகிறார்கள். வால்வு அகலமாகத் திறந்து, காற்றை இழுப்பதில் இன்ஜின் விரயமாக்கும் வேலை குறையும் என்பது அவர்கள் கணக்கு.

கே: சத்தம் நன்றாக வருகிறதே!

வரும். கம்பெனி குழாயின் பக்கவாட்டில் ஒரு மொட்டையான பிளாஸ்டிக் பை போலத் தொங்குவது ரெசனேட்டர். பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுரம் கேட்கிறதே, அதே தத்துவத்தில் குறிப்பிட்ட ஒரு இரைச்சலை அது விழுங்குகிறது. காற்று அதன் வழியாக ஓடுவதே இல்லை, ஆகவே அது எதையும் அடைப்பதும் இல்லை. கழற்றினால் உறுமல் வரும், பவர் வராது. உறுமல் பிடித்திருந்தால் கழற்றுங்கள், அது உங்கள் ரசனை.

கே: டீசல் டர்போ பிக்கப்புக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிதான். டாட்ஜ் ராம் கம்மின்ஸ் மாதிரி வண்டிகளில் டர்போ காற்றை அழுத்தும்போதே அது 120 டிகிரியைத் தாண்டிவிடும். அதை ஆற்றுவது இன்டர்கூலரின் வேலை. வெளியே 30 டிகிரி, டர்போ அழுத்தத்தை இரட்டிப்பாக்குகிறது, இன்டர்கூலர் எழுபது சதவீதம் ஆற்றுகிறது என்று வைத்தால், 60 டிகிரி காற்றை இழுத்தால் இன்ஜினுக்குப் போவது சுமார் 70 டிகிரியில், 30 டிகிரி காற்றை இழுத்தால் சுமார் 58-ல். முன்னால் 30 டிகிரி வித்தியாசம் பின்னால் 12 ஆகிவிடுகிறது. பயன் உண்டு, எக்ஸாஸ்ட் சூடும் குறையும். ஆனால் இன்டர்கூலரின் முன்பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் பூச்சியையும் மண்ணையும் கழுவினால் செலவில்லாமல் வரும் லாபத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: சட்டம் என்ன சொல்கிறது? வாரன்டி போய்விடுமா?

கலிபோர்னியாவில் கெடுபிடி அதிகம். அங்கே ஸ்மாக் சோதனையில் (வாகனப் புகைச் சோதனை) கண்ணாலும் பார்ப்பார்கள். மாநிலக் காற்று வள வாரியம் அந்தக் கிட்டுக்கு உங்கள் வண்டி மாடலுக்கென்று விலக்கு எண் கொடுத்திருக்க வேண்டும், அந்த எண் உள்ள ஸ்டிக்கர் பானெட்டுக்குள் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். கடைக்காரர் எல்லா மாநிலத்துக்கும் செல்லும் என்று வாயால் சொல்வதை நம்பாமல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேறு மாநிலங்களில் விதி வேறு.

வாரன்டிக்கு 1975-ன் மாக்னசன்-மாஸ் சட்டம் துணை நிற்கிறது. வெளியார் பொருளை மாட்டினீர்கள் என்பதற்காக மட்டும் முழு வாரன்டியையும் மறுக்க முடியாது. ஆனால் மாஃப் கணக்கு தப்பி பிஸ்டன் ஓட்டையானால் அதற்குக் கம்பெனி பொறுப்பேற்காது.

கே: இந்தியாவில் ஓடும் ஹைலக்ஸ், வி-கிராஸ், பொலேரோ பிக்கப்பில் செய்யலாமா?

இவை பெரும்பாலும் டர்போ டீசல், மேலே டீசலுக்குச் சொன்னதே இவற்றுக்கும். நம் சாலைத் தூசிக்குத் திறந்த கூம்பு சரிப்படாது. குவாரிப் பக்கம் ஓடும் பொலேரோவுக்கு ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதே பெரிய உதவி. கம்பெனி வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கே: கழற்றிய கம்பெனி பெட்டியை என்ன செய்வது?

தூக்கிப் போடாதீர்கள். அடியில் இருக்கும் ரப்பர் தாங்கிகள், திருகுகள், கிளிப்புகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு பெட்டிக்குள்ளேயே வைத்து மூடி, கராஜில் மேல்தட்டில் ஏற்றிவிடுங்கள். வண்டியை விற்கும்போதும், ஸ்மாக் சோதனைக்குப் போகும்போதும், வாரன்டி வேலைக்கு விடும்போதும் கேட்பார்கள். தனியாகப் புதிதாக வாங்கப் போனால் கிட்டின் விலையில் பாதி போய்விடும்.